சிவாஜிக்கு ஏன் தேசிய விருது இல்லை? ஒரு பழைய வழக்கும் சில தேதிகளும்

 

2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி 71ஆவது தேசியத் திரைப்பட விருதுகளை அறிவித்தார்கள். 2023ஆம் ஆண்டுப் படங்களுக்கான விருது. சிறந்த நடிகர் விருது ஷாருக் கானுக்கும் விக்ராந்த் மாசிக்கும் சேர்த்து. நம் பக்கத்தில் ‘பார்க்கிங்’ படத்துக்குச் சிறந்த தமிழ்ப்படம், திரைக்கதை, துணை நடிகர் என மூன்று. துணை நடிகர் விருதை எம்.எஸ். பாஸ்கர் மலையாள நடிகர் விஜயராகவனோடு பகிர்ந்துகொண்டார். ‘வாத்தி’ பாடல்களுக்காக ஜி.வி. பிரகாஷுக்கு ஒன்று. அன்று சாயங்காலம் நம் குடும்பக் குழுவிலும், 1994 செட் பிள்ளைகளின் குழுவிலும் ஒரே சண்டை. அவருக்குக் கொடுத்திருக்கலாம், இவருக்கு ஏன் கொடுத்தான் என்று இரவு பதினொன்று வரை ஓடியது. கடைசியில் வழக்கம்போல ஒருத்தர் அந்தப் பழைய குண்டைத் தூக்கிப் போட்டார்: “சிவாஜிக்கே கொடுக்காத விருது, யாருக்குக் கொடுத்தா என்ன?”

அதோடு எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். இந்த வாக்கியத்தை நான் அறுபது வருஷமாகக் கேட்கிறேன் என்று சொன்னால் மிகை. ஐம்பது வருஷமாகக் கேட்கிறேன். எங்கள் அப்பா தீவிர சிவாஜி ரசிகர். தாய்மாமா எம்.ஜி.ஆர். ரசிகர். இருவரும் ஒரே பந்தியில் உட்கார்ந்தால் அம்மாவுக்குப் பரிமாறக் கை நடுங்கும். இரண்டு பேருமே இன்று இல்லை. ஆனால் வழக்கு மட்டும் நடந்துகொண்டே இருக்கிறது. ஓய்வு பெற்ற டீச்சருக்கு நேரம் நிறைய. அதனால் தேதிகளை வரிசையாக எழுதிப் பார்த்தேன். எழுதிப் பார்த்தபோது, நாம் சொல்லிக்கொண்டிருக்கும் கதையைவிட உண்மை சற்று வேறு மாதிரி இருந்தது. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள், பரீட்சை வைக்க மாட்டேன்.

முதலில் விருதின் பிறப்பு. நாடு விடுதலை பெற்றபின் திரைப்படத் துறையை ஆராய எஸ்.கே. பாட்டீல் தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். அந்தக் குழு 1951இல் அறிக்கை கொடுத்தது. நல்ல படங்களை அரசு கௌரவிக்க வேண்டும் என்ற எண்ணம் வலுப்பட்டது அதற்குப் பிறகுதான். 1953ஆம் ஆண்டுப் படங்களுக்கு 1954இல் முதல் விருது. மராத்தியில் ஆச்சார்ய அத்ரே எடுத்த ‘ஷ்யாம்ச்சி ஆயி’ குடியரசுத் தலைவரின் தங்கப் பதக்கம் பெற்றது. ஒரு தாயையும் மகனையும் பற்றிய படம். அடுத்த ஆண்டு தமிழுக்கு வெள்ளிப் பதக்கம் வாங்கித் தந்த படம் ‘மலைக்கள்ளன்’. எம்.ஜி.ஆர். படம். தாய்மாமா இதைத் தினமும் ஒருமுறை சொல்வார்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். அந்தப் பதக்கமெல்லாம் படத்துக்குத்தான், தயாரிப்பாளருக்கும் இயக்குநருக்கும்தான். நடிகருக்கு என்று தனியாக எதுவும் கிடையாது. பாட்டு எழுதியவருக்கு, இசையமைத்தவருக்கு, பாடியவருக்கு, யாருக்கும் கிடையாது. சிறந்த நடிகர் என்ற பிரிவே 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்துதான் தொடங்கியது. அப்போது நடிகருக்கான விருதுக்கு ‘பாரத்’ என்றும் நடிகைக்கானதற்கு ‘ஊர்வசி’ என்றும் பெயர். முதல் ‘பாரத்’ வங்காளத்து உத்தம் குமார். முதல் ‘ஊர்வசி’ நர்கீஸ்.

இப்போது சிவாஜியின் படங்களை எடுத்துக்கொள்ளுங்கள். ‘பராசக்தி’ 1952. அந்த வருஷம் தேசிய விருது என்ற ஒன்றே இல்லை. ‘அந்த நாள்’ 1954. ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ 1959. ‘பாசமலர்’, ‘கப்பலோட்டிய தமிழன்’ 1961. ‘கர்ணன்’ 1964. ‘திருவிளையாடல்’ 1965. நாம் சிவாஜி என்றதும் எந்தப் படங்களைச் சொல்கிறோமோ அதில் பெரும்பாலானவை, நடிகருக்கு விருது கொடுக்கும் வழக்கம் வருவதற்கு முன்பே வந்து ஓடி முடிந்துவிட்டன. வைக்காத பரீட்சையில் எப்படி மார்க் வாங்குவது?

அதே காலத்தில் வெளியே வைத்த பரீட்சையில் அவர் முதல் மார்க் வாங்கினார். 1960இல் கெய்ரோவில் நடந்த ஆசிய ஆப்பிரிக்கப் படவிழாவில் கட்டபொம்மனுக்காகச் சிறந்த நடிகர் விருது அவருக்கு. அதே படத்துக்கு இசையமைத்த ஜி. ராமநாதனுக்கும் விருது. நம் ஊரிலிருந்து கோவில்பட்டி வழியாகத் திருநெல்வேலி போகிறவர்கள் கயத்தாறில் கட்டபொம்மன் சிலையைப் பார்த்திருப்பீர்கள். கட்டபொம்மனை 1799இல் தூக்கிலிட்ட ஊர் அது. அங்கே சிவாஜி தன் சொந்தப் பணத்தில் இடம் வாங்கிச் சிலை வைத்தார். தான் நடித்த ஒரு மனிதருக்குத் திருப்பிச் செய்த மரியாதை என்றுதான் நான் அதை எடுத்துக்கொள்கிறேன்.

சரி, 1967க்குப் பிறகு? அங்கேதான் வழக்கின் சூடான பகுதி. 1967இல் சிவாஜிக்கு ‘திருவருட்செல்வர்’. அப்பராக வந்தாரே, அந்தப் படம். 1968இல் ‘தில்லானா மோகனாம்பாள்’. படத்துக்குச் சிறந்த தமிழ்ப்பட விருது கிடைத்தது, நடிகர் விருது ‘ஆசீர்வாத்’ இந்திப் படத்துக்காக அசோக் குமாருக்குப் போனது. 1969இல் ‘தெய்வமகன்’, விருது ‘புவன் ஷோம்’ படத்தின் உத்பல் தத்துக்கு. 1970இல் ‘வியட்நாம் வீடு’. விருது ‘தஸ்தக்’ படத்தின் சஞ்சீவ் குமாருக்கு. 1972இல் ‘ஞான ஒளி’. மறுபடியும் சஞ்சீவ் குமார், ‘கோஷிஷ்’ படத்துக்காக. 1973இல் ‘கௌரவம்’, விருது மலையாள ‘நிர்மால்யம்’ படத்தின் பி.ஜே. ஆண்டனிக்கு.

நடுவில் 1971ஐ விட்டுவிட்டேன் என்று அவசரப்படாதீர்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். அந்த ஆண்டு விருது எம்.ஜி.ஆருக்கு, ‘ரிக்‌ஷாக்காரன்’ படத்துக்காக. அதே 1971 தீபாவளிக்குச் சிவாஜியும் ரிக்‌ஷாக்காரராக வந்தார், ‘பாபு’ படத்தில். அவர் சைக்கிள் ரிக்‌ஷா, இவர் கை ரிக்‌ஷா. எங்கள் வீட்டில் அந்த இரண்டு ரிக்‌ஷாவும் மோதிக்கொண்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. மூச்சு வாங்கி, முதுகு வளைந்து, வண்டியை இழுக்கிற பாபுவுக்குக் கொடுக்காமல் சிலம்பம் சுற்றிய ரிக்‌ஷாக்காரனுக்குக் கொடுத்தார்களே என்பது அப்பாவின் வாதம். ஏழை ரிக்‌ஷாக்காரன் தலை நிமிர்ந்து நடந்தது உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது மாமாவின் பதில். இப்போது யோசித்தால் மாமாவின் பதிலிலும் ஒரு நியாயம் தெரிகிறது. ஆனால் நடிப்புக்கான விருது என்றால் என் ஓட்டு பாபுவுக்குத்தான். சொல்லிவிட்டேன், மாமா வீட்டுப் பிள்ளைகள் கோபிக்க வேண்டாம்.

அந்த விருது அரசியலால் வந்தது என்று அப்போதே விமர்சனம் எழுந்தது. எழுந்ததற்குக் காரணமும் இருந்தது. 1969இல் காங்கிரஸ் உடைந்தபோது சிவாஜி காமராஜரோடு நின்றார். டெல்லியில் ஆட்சி இந்திரா காந்தி அம்மையாரிடம். 1971 தேர்தலில் தி.மு.க.வும் இந்திரா காங்கிரசும் கூட்டணி. எம்.ஜி.ஆர். அப்போது தி.மு.க. சட்டமன்ற உறுப்பினர். அ.தி.மு.க. பிறந்தது 1972 அக்டோபரில்தான். இத்தனையையும் ஒன்றாக வைத்துப் பார்த்தால் யாருக்கும் சந்தேகம் வரத்தான் செய்யும்.

ஆனால் சந்தேகம் வேறு, சாட்சி வேறு. அரசியல் மட்டும்தான் காரணம் என்றால் அடுத்த கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும். 1982இல் சிவாஜி மாநிலங்களவை உறுப்பினரானார். டெல்லியை ஆண்ட அதே காங்கிரஸ் கட்சியில்தான் அப்போது இருந்தார். 1985இல் ‘முதல் மரியாதை’ வந்தது. அவர் வாழ்க்கையிலேயே மிக அடங்கிய நடிப்பு அது. அவரைப் பிடிக்காதவர்களும் ஒப்புக்கொண்ட நடிப்பு. படத்துக்குச் சிறந்த தமிழ்ப்பட விருது கிடைத்தது. வைரமுத்துவுக்கு முதல் தேசிய விருது கிடைத்தது. சிறந்த நடிகர் விருதோ ‘நியூ டெல்லி டைம்ஸ்’ படத்துக்காகச் சசி கபூருக்குப் போனது. அரசியல் காற்று சாதகமாக வீசிய நேரத்திலும் அந்தப் பரிசு வரவில்லையே. அப்படியானால் வேறு ஏதோ காரணமும் இருக்கிறது.

என் கணிப்பு இது. 1969 வாக்கில் இந்தியாவில் இன்னொரு வகைப் படம் முளைத்தது. குறைந்த செலவு, பாட்டுச் சண்டை இல்லாத, முகத்தை அதிகம் அசைக்காத நடிப்பு. மிருணாள் சென்னின் ‘புவன் ஷோம்’ அதற்கு ஒரு தொடக்கம். தேர்வுக் குழுக்களுக்கு அந்த ருசி பிடித்துப்போனது. சிவாஜியோ சின்ன வயதிலேயே நாடகக் கம்பெனிக்குப் போனவர். மைக் சரியாக இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை மண் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் கண்ணீர் தெரிய வேண்டும், வசனம் கேட்க வேண்டும் என்று பழகியவர். வசனமோ தமிழின் ஓசையில் நிற்பது. அதை எழுத்து மொழிபெயர்ப்பில் படிக்கிற ஒரு வடநாட்டு நடுவருக்குக் கட்டபொம்மனும் கர்ணனும் எப்படிப் போய்ச் சேரும்? சதி என்று சொல்வதைவிட, காது எட்டவில்லை என்று சொல்வதே பொருத்தம்.

அதற்காக அந்த வருஷம் விருது வாங்கியவர்களைக் குறைத்துப் பேசக் கூடாது. 80களின் கடைசியில் தூர்தர்ஷனில் ஞாயிற்றுக்கிழமை மதியம் மாநில மொழிப் படங்கள் போடுவார்களே, நினைவிருக்கிறதா? தமிழ்ப் படம் எப்போது வரும் என்று வாரக்கணக்கில் காத்திருப்போம். அதுவரை வங்காளம், ஒரியா, மலையாளம், அசாமி என்று எதைப் போட்டாலும் பார்ப்போம். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட பக்கத்து வீட்டுப் பெண்களும் என்னோடு உட்கார்ந்து பார்ப்பார்கள்; கீழே ஓடும் ஆங்கில எழுத்தை நான் தெரிந்த வரைக்கும் தமிழில் சொல்வேன். அப்படித்தான் எனக்கு இந்த வகைப் படங்கள் அறிமுகமாயின. ‘நிர்மால்ய’த்தில் ஆண்டனி அம்மன் கோயில் வெளிச்சப்பாடாக வருவார், நம் ஊர் சாமியாடி மாதிரி. ஊருக்கெல்லாம் குறி சொல்லும் அவர் வீட்டில் அடுப்பு எரியாது. அந்தப் படத்தின் முடிவைப் பார்த்தவர்கள் அவருக்கு விருது கொடுத்தது தப்பு என்று சொல்ல மாட்டார்கள். ‘கோஷிஷ்’ பேச முடியாத, காது கேளாத கணவன் மனைவி கதை. அதுதான் பிறகு தமிழில் கமலும் சுஜாதாவும் நடித்த ‘உயர்ந்தவர்கள்’. நமக்குக் கிடைக்கவில்லை என்பதால் கிடைத்தவர் தகுதியில்லாதவர் ஆகிவிட மாட்டார். இதை நான் வகுப்பில் எத்தனை முறை சொல்லியிருப்பேன், உங்களுக்கே தெரியும்.

தேதிகளை வரிசையாக எழுதியதில் இன்னொன்றும் தெரிந்தது. இது சிவாஜி ஒருவரின் கதையே இல்லை.

துணை நடிகர், துணை நடிகைக்கு விருது எப்போது வந்தது தெரியுமா? 1984ஆம் ஆண்டுப் படங்களிலிருந்து. டி.எஸ். பாலையா 1972இல் போய்விட்டார். எஸ்.வி. ரங்காராவ் 1974இல். எம்.ஆர். ராதா 1979இல். கண்ணாம்பா அதற்கும் வெகு முன்பே, 1964இல். ‘திருவிளையாட’லில் ஹேமநாத பாகவதராக வந்து பாலையா காட்டிய கர்வத்துக்கும், பின்பு அது உடைந்து போவதற்கும் எந்தப் பிரிவில் பரிசு கொடுப்பது? பிரிவே இல்லை. நாகேஷ் இருந்ததால் பிழைத்தார். ‘நம்மவர்’ படத்தில் மகளைப் பறிகொடுத்த தகப்பனாக நடித்ததற்கு 1994ஆம் ஆண்டுக்கான துணை நடிகர் விருது அவருக்குக் கிடைத்தது. ‘சர்வர் சுந்தர’மும் ‘எதிர்நீச்ச’லும் தாண்டி எத்தனை வருஷம் கழித்து!

பாடலாசிரியருக்கான பிரிவு 1968இல் வந்தது. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959லேயே 29 வயதில் மறைந்துவிட்டார். இசையமைப்பாளருக்கான பிரிவு 1967இல். கெய்ரோவில் பரிசு வாங்கிய ஜி. ராமநாதன் 1963இல் மறைந்தார். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையர் 1965இல் பிரிந்துவிட்டார்கள். மெல்லிசை மன்னர் அதற்குப் பிறகும் நெடுங்காலம் இசையமைத்தார். ஆனாலும் 2015இல் மறையும் வரை அவருக்குத் தேசிய விருதும் இல்லை, பத்ம விருதும் இல்லை. டி.எம். சௌந்தரராஜனுக்குப் பத்மஸ்ரீ 2003இல் கிடைத்தது. பின்னணிப் பாடகருக்கான தேசிய விருது கடைசி வரை இல்லை. எம்.எஸ்.வி., டி.எம்.எஸ். இருவர் விஷயத்திலும் பிரிவு இல்லை என்ற சாக்குச் செல்லாது. பிரிவு இருந்தது, இவர்களும் இருந்தார்கள், கொடுக்கவில்லை. என் கணக்கில் சிவாஜி வழக்கைவிட இந்த இரண்டு வழக்கும் வலுவானவை. ஆனால் இவற்றைப் பற்றி யாரும் சண்டை போடுவதில்லை.

டெல்லி தமிழைக் கண்டுகொள்ளவே இல்லை என்று முடிவு கட்டவும் முடியாது. இசையமைப்பாளருக்கான முதல் தேசிய விருதே தமிழுக்குத்தான். ‘கந்தன் கருணை’க்காக கே.வி. மகாதேவன். பாடலாசிரியருக்கான முதல் விருதும் தமிழுக்குத்தான்; ‘குழந்தைக்காக’ படத்துக்குக் கண்ணதாசன். பின்னணிப் பாடகிக்கான முதல் விருதும் தமிழுக்கே. ‘உயர்ந்த மனிதன்’ பாடலுக்கு பி. சுசீலா. மறு வருஷமே ‘துணைவன்’ படத்துக்குக் கே.பி. சுந்தராம்பாள். 1935இல் ‘நந்தனார்’ படத்துக்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளம் வாங்கிய அம்மையார், 60 வயது வாக்கில் தேசிய விருது வாங்கினார். அந்தக் குரலுக்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பாடகிகள் பட்டியல் அதற்குப் பிறகும் நீளம். வாணி ஜெயராம், எஸ். ஜானகி, சித்ரா, ‘கருத்தம்மா’வுக்கு ஸ்வர்ணலதா, ‘பாரதி’க்குப் பவதாரிணி. இதில் ஸ்வர்ணலதா 37 வயதில் போய்விட்டார். பவதாரிணி 2024 ஜனவரியில். பெயர்களை எழுதும்போதே மனசு கனக்கிறது.

நடிகைகள் பட்டியலைப் பாருங்கள். பெண்பிள்ளைகள் கொஞ்சம் கூடுதலாகக் கவனியுங்கள். தமிழ்ப் படத்துக்காக முதலில் வாங்கியவர் லட்சுமி, ஜெயகாந்தன் கதையான ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ படத்துக்கு. பிறகு ‘பசி’க்கு ஷோபா. குப்பை பொறுக்கும் பெண்ணாக நடித்தார். அவர் 1980 மே 1ஆம் தேதி இறந்தபோது வயது 17. நான் அப்போது ஆசிரியர் பயிற்சி முடித்த பெண்; என்னைவிடச் சின்னவள். அந்தச் செய்தியை எங்கள் தெருவில் யாரும் சினிமாச் செய்தியாகப் பேசவில்லை. வீட்டுப் பெண் ஒருத்தி போனது போலத்தான் பேசினார்கள். பிறகு ‘சிந்து பைரவி’க்குச் சுஹாசினி, ‘வீடு’ படத்துக்கு அர்ச்சனா, ‘பருத்திவீர’னுக்குப் பிரியாமணி, ‘தென்மேற்குப் பருவக்காற்று’க்குச் சரண்யா, ‘சூரரைப் போற்று’க்கு அபர்ணா பாலமுரளி, ‘திருச்சிற்றம்பல’த்துக்கு நித்யா மேனன்.

இதில் என் மனசுக்கு நெருக்கமானவை இரண்டு. ஒன்று ‘வீடு’. வாடகை வீட்டில் வாழும் ஒரு வேலைக்காரப் பெண் சொந்த வீடு கட்டப் படும் பாடு, அவ்வளவுதான் கதை. லோன் போட்டு வீடு கட்டிய எந்த டீச்சரும் அதைப் படம் என்று சொல்ல மாட்டாள். இன்னொன்று சரண்யாவின் வீராயி. ஒற்றை ஆளாய்க் காட்டில் உழைத்து மகனை ஆளாக்கும் தாய். காலையில் கஞ்சித் தூக்கோடு தோப்பு வேலைக்குப் போகும் நம் ஊர்ப் பெண்களைப் பார்த்தவர்களுக்கு அது புதிய ஆள் இல்லை. அந்த மாதிரி ஒருத்திக்கு டெல்லியில் வெள்ளித்தாமரை கிடைத்ததில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

நம் வட்டாரத்துக்கும் பங்கு உண்டு. விருதுநகர்க்காரரான வசந்தபாலனின் ‘வெயில்’ 2006ஆம் ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப்படம். படம் பார்க்கப் போனதற்காக அப்பாவிடம் அடி வாங்கி, ஊரை விட்டு ஓடி, கடைசியில் தியேட்டரிலேயே வேலைக்குச் சேரும் ஒரு பையனின் கதை. அது கான் படவிழா வரைக்கும் போனது. கரிசல் எழுத்தாளர் பூமணியின் ‘வெக்கை’ நாவல்தான் ‘அசுரன்’ ஆகி, சிறந்த தமிழ்ப்படம், தனுஷுக்கு இரண்டாவது முறையாகச் சிறந்த நடிகர் என்று வாங்கியது. முதல் முறை ‘ஆடுகளம்’. போஸ்டர் அடித்துக் கொடுப்பது சிவகாசி என்பதோடு நம் பக்கத்தின் பங்கு முடிந்துவிடவில்லை.

விருது எப்படித் தேர்வாகிறது என்று பலர் கேட்கிறீர்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். படம் எப்போது திரைக்கு வந்தது என்பது கணக்கில்லை. எந்த வருஷம் தணிக்கைச் சான்றிதழ் வாங்கியது என்பதுதான் கணக்கு. அதனால்தான் 2007 பிப்ரவரியில் வந்த ‘பருத்திவீரன்’ 2006 பட்டியலில் வந்தது. தயாரிப்பாளர் விண்ணப்பித்தால்தான் படம் போட்டிக்கே போகும். முதலில் மண்டல வாரியாக ஒரு குழு பார்த்து வடிகட்டும். பிறகு டெல்லியில் மத்தியக் குழு. அந்தக் குழு ஆண்டுதோறும் மாறும். மாறுகிற குழுவிடம் மாறாத நியாயத்தை எதிர்பார்ப்பது கடினம். அந்த வருஷம் அந்த அறையில் உட்கார்ந்த சில பேரின் கருத்துதான் அது. ‘ஜெய் பீம்’ படத்துக்கு ஒன்றும் கிடைக்காததில் உங்களில் பலருக்கு ஆதங்கம், எனக்கும்தான்.

நம் மாநில அரசு விருது என்னவாயிற்று? 2009 முதல் 2014 வரை ஆறு ஆண்டு விருதுகளை மொத்தமாக 2017 ஜூலையில் அறிவித்தார்கள். கையில் கொடுத்தது 2022 செப்டம்பரில். ஆறாம் வகுப்புப் பரிசை, பையன் கல்லூரி முடித்தபின் கொடுத்த கதை. பரிசு என்றால் காலத்தில் கொடுக்க வேண்டும். டெல்லியைக் குறை சொல்லும்போது நம் வீட்டுத் திண்ணையையும் ஒருமுறை பார்த்துக்கொள்ள வேண்டும்.

டி.வி. விருதுகளைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சேனல்கள் நடத்தும் விருது விழாக்களில் தன் தொடருக்குத் தானே பரிசு கொடுத்துக்கொள்கிறார்கள். அம்மா தன் பிள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டு வைப்பது மாதிரி. தப்பில்லை, ஆனால் அதைப் போட்டி என்று சொல்லக் கூடாது. வருஷம் முழுக்க வாரத்தில் ஆறு நாள் நடிக்கிற அந்தப் பெண்களின் உழைப்பைச் சொந்தக் கம்பெனி அல்லாத யாராவது எடைபோட்டுச் சொன்னால் நன்றாக இருக்கும்.

ஆஸ்கர் கதை இன்னொரு தனிக் கட்டுரை. இந்தியாவின் சார்பில் அனுப்பிய முதல் தமிழ்ப்படம் எது தெரியுமா? சிவாஜியின் ‘தெய்வமகன்’. அதிலிருந்து 2021இல் அனுப்பிய ‘கூழாங்கல்’ வரை பத்துத் தமிழ்ப் படங்கள் போயிருக்கின்றன. ஒன்றுகூடக் கடைசி ஐந்தில் வரவில்லை. ஆனால் 2009இல் ஏ.ஆர். ரஹ்மான் ஆங்கிலப் படம் ஒன்றுக்கு இரண்டு ஆஸ்கர் வாங்கினார். அந்த மேடையில் தமிழில் இறைவனுக்கு நன்றி சொன்னார். 2023இல் முதுமலைத் தெப்பக்காட்டு யானை முகாமின் பொம்மன், பெள்ளி தம்பதியைப் பற்றிய ஆவணக் குறும்படத்துக்கு ஆஸ்கர். யானை வளர்க்கும் இரண்டு பேர், வீட்டில் பேசுகிற மாதிரியே பேசுகிறார்கள். கோடிக்கணக்கில் செலவழித்த படங்கள் போகாத இடத்துக்கு அது போனது.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு தூரம் எழுதுகிறேன்? காரணம் இருக்கிறது. என் பழைய மாணவன் ஒருவனின் மகள் டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படிக்கிறாள். தாதா சாகேப் பால்கே விருது வாங்கிய தமிழர்கள் யார் என்றால் மூச்சு விடாமல் சொல்கிறாள்: சிவாஜி 1996, பாலசந்தர் 2010, ரஜினிகாந்த் 2019. கெட்டிக்காரப் பெண். அவளிடம் டி.எஸ். பாலையா என்றேன். “யாரு டீச்சர் அது?” என்றாள். எம்.ஆர். ராதா? “ராதிகா மேடத்தோட அப்பாதானே?” அவ்வளவுதான் தெரிந்தது.

அவள் மேல் குற்றமில்லை. பட்டியலில் இல்லாதவரைப் புத்தகம் சொல்வதில்லை. புத்தகத்தில் இல்லாததைப் பிள்ளைகள் படிப்பதில்லை. இன்னும் இருபது வருஷத்தில், பரிசுப் பட்டியல்தான் தமிழ் சினிமாவின் வரலாறு என்று ஆகிவிடும். அந்தப் பட்டியலோ, எந்த வருஷம் எந்தப் பிரிவைத் தொடங்கினார்கள் என்ற தற்செயலைப் பொறுத்தது. பள்ளிக்கூடத்தில் எங்களிடம் இரண்டு பதிவேடு இருக்கும்: ஒன்று மதிப்பெண் பதிவேடு, இன்னொன்று வருகைப் பதிவேடு. மதிப்பெண் பதிவேட்டில் முதல் மூன்று பேர்தான் கண்ணில் படுவார்கள். வருகைப் பதிவேட்டில் வந்த அத்தனை பேரும் இருப்பார்கள். சினிமாவுக்கு அந்த இரண்டாவது பதிவேட்டை எழுத வேண்டியவர்கள் நம்மைப் போன்ற ரசிகர்கள்தான்.

சில சமயம் பட்டியலே அந்த வேலையைச் செய்துவிடுவதும் உண்டு. 2021ஆம் ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப்படம் மணிகண்டனின் ‘கடைசி விவசாயி’. உசிலம்பட்டிப் பக்கத்துக் கதை. அதில் மாயாண்டியாக வந்த நல்லாண்டி ஐயா தொழில்முறை நடிகர் இல்லை, நிஜ விவசாயி. காது மந்தம். படம் வெளிவரும் முன்பே காலமாகிவிட்டார். அவருக்குத் தேசிய விருதில் சிறப்புக் குறிப்பு கொடுத்தார்கள். ‘தேவர் மக’னில் சிவாஜிக்குக் கொடுத்ததும் இதே மாதிரியான ஒரு சிறப்பு அங்கீகாரம்தான். அன்று அது அவ்வளவு பெரிய நடிகருக்குக் குறைச்சலாகத் தெரிந்தது. நல்லாண்டி ஐயாவுக்கு அது நிறைவாகவே தெரிந்தது. ஒரே மாதிரியான பரிசு, வாங்குகிறவரைப் பொறுத்து எடை மாறுகிறது.

ஆகவே இனி யாராவது “சிவாஜிக்கே கொடுக்கலையே” என்று தொடங்கினால், 1967 என்ற வருஷத்தை முதலில் சொல்லுங்கள். பிறகு பாலையாவையும், ராதாவையும், எம்.எஸ்.வி.யையும், டி.எம்.எஸ்ஸையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

உங்களுக்கு ஒரு வீட்டுப்பாடம் உண்டு. வீட்டில் 70, 80 வயதில் தாத்தா, பாட்டி, அப்பத்தா, அம்மாச்சி யாராவது இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: பரிசு வாங்காத நடிகர், நடிகை, பாடகர் யாருக்காவது நீங்கள் பரிசு கொடுப்பதென்றால் யாருக்கு, எந்தப் படத்துக்கு, ஏன்? அவர்கள் சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே கீழே எழுதுங்கள். எந்தத் தியேட்டரில், யாரோடு பார்த்தார்கள் என்பதையும் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாவற்றையும் நான் ஒரு நோட்டில் தொகுத்து வைக்கிறேன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தித்தான் எடுத்துக்கொள்வேன், பழக்கம் போகவில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
மம்சாபுரம்.